தண்டயலுக்காகச் சொன்ன இரண்டு பொய்

ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு மாலைதீவுப் பாஷை எப்படி வந்தது என்று ஆட்கள் கேட்பார்கள். படித்து வரவில்லை. கொழும்பில் ஒரு மாசிக் கடையில் இரண்டு வருடம் மூட்டை சுமந்தேன். தோணியில் மாசிக் கருவாடு கொண்டுவரும் தீவு ஆட்களோடு விலை பேசவும், சண்டை பிடிக்கவும், சாப்பிட்டீர்களா என்று கேட்கவும் பழகிக்கொண்டேன். அவ்வளவுதான். பிறகு முதலாளியோடு முறுகிக்கொண்டு, கல்லோயாவில் அணைக்கட்டு வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிழக்கே பஸ் ஏறினேன். வேலை கிடைத்தது. காய்ச்சலும் கிடைத்தது. காய்ச்சல் விட்டபோது வேலை இல்லை. கல்முனைப் பக்கம் ஒரு பள்ளிவாசலில் வழிப்போக்கருக்கென்று இருந்த அறையில் படுத்துக்கொண்டு கிடைத்த கூலிக்குப் போய்வந்தேன்.

ஐம்பத்து மூன்றாம் வருடத் தென்மேற்குக் கச்சான் காற்றில், பாய்மரம் முறிந்து பாய் கிழிந்த ஒரு மாலைதீவுத் தோணி ஒலுவில் கரையில் ஒதுங்கியது. காலிக்குப் போக வந்ததைக் காற்றும் நீரோட்டமும் காலியைத் தாண்டித் தள்ளி, இலங்கையைச் சுற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டுவிட்டது. ஏழு பேர். உதடு வெடித்து, கண் குழிந்து இருந்தார்கள். மாசி மூட்டைகள் மட்டும் நனையாமல் இருந்தன. அவர்களோடு கதைக்க ஆள் தேடியபோதுதான் ஊருக்கு என் ஞாபகம் வந்தது.

அவர்களைப் பொறுப்பெடுத்தவர் ஒரு போடியார். நற்பிட்டிமுனைப் பக்கம் வயல் நிறைய உள்ளவர், நான் தங்கியிருந்த அதே பள்ளிவாசலில் தன் குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு, பொறுப்பான மரைக்கார். கடல் கொண்டுவந்து விட்டவர்கள் காற்றுத் திரும்பும்வரை பள்ளிவாசலின் விருந்தாளிகள், ஒவ்வொரு குடியும் முறை வைத்துச் சோறு அனுப்ப வேண்டும் என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் வழக்கம்.

தோணித் தலைவரைத் தண்டயல் என்று கூப்பிட்டோம். ஐம்பது தாண்டிய ஒல்லி மனிதர். முதல் நாளே என்னிடம் சொன்னார், தன் தீவுக்கு மாதக்கணக்காக அரிசி வரவில்லை என்று. கிழங்கையும் இலையையும் அவித்துத் தின்கிறார்கள். மனைவியும் மகளும் மகளின் கைக்குழந்தையும் அங்கே. மாசியைக் கொடுத்து அரிசி ஏற்றிக்கொண்டு வாடைக் காற்றின் முதல் வீச்சில் திரும்பிவிட வேண்டும். முறிந்த மரத்துக்கு ஒரு தென்னை போதும், ஆனால் பாயும் வேண்டும், அரிசியும் வேண்டும். அவர் கேட்டது இந்த இரண்டும்தான்.

அரிசிக்குப் போடியார் இருந்தார். பாய்க்குப் பள்ளிவாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தவர் இருந்தார். முப்பது வயது, சிவப்புக் கட்சிக்காரர், தினமும் பத்திரிகை வாசிப்பவர். போடியாருக்கு மருமகன் முறை. ஒரே குடி, ஆனால் ஒரு கதையிலும் இணங்காதவர்கள். பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் போடியார் அந்தக் கடை வாசல் வாங்குப் பலகையில் வந்து உட்காருவார். திட்டுவதற்கென்றே வருவார்.

மாலைதீவில் அந்த வருடம்தான் அரச பட்டத்தை எடுத்துவிட்டு மக்களாட்சி என்று வைத்திருந்தார்கள். புதுத் தலைவர் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் போகச் சொன்னாராம், புகையிலை இறக்கக் கூடாது என்றாராம். அரிசியும் வரவில்லை. போடியாருக்கு வேறு என்ன வேண்டும்?

“எண்ணூறு வருசமா இருந்த வரம்பை வெட்டிப்போட்டு, இப்ப வயல்ல தண்ணி நிக்குதில்லயாம் எண்டு அழுறாங்க,” என்றார். “புது வரம்பைக் கட்டிப்போட்டு எல்லோ பழசை வெட்டணும்?”

“மாமா, அந்த வரம்பு அரசன்ட வயலுக்கு எல்லோ தண்ணி மறிச்சது,” என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடி.

“நீ பொத்தான் தைக்கிறவன். உனக்கு வயலைப் பத்தி என்ன தெரியும்?”

“நீங்க நாலு வேலையாள் இல்லாம வயலுக்குள்ள இறங்கினதா? எனக்கும் தெரியும்.”

என் பக்கத்தில் இருந்த தண்டயல் மெதுவாகச் சிரித்தார். இதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தபோது போடியார் என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, அவருக்கிட்டக் கேளு. அரசர் இருந்த காலத்தில இப்பிடிப் பட்டினி கிடந்தாங்களா எண்டு.”

கேட்டேன். தண்டயல் தன் பாஷையில் சொன்னார்: “அரசர் இருந்தபோதும் யுத்தக் காலத்தில் பட்டினிதான். என் இரண்டு பிள்ளைகளை அப்போதுதான் மண்ணில் வைத்தேன்.”

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். போடியாரின் களஞ்சியம் என் கண் முன்னால் வந்தது. “ஓம், அரசர் இரிந்திருந்தா இப்பிடி வந்திராது எண்டு சொல்றாரு,” என்றேன்.

போடியார் தொடையில் அடித்துக்கொண்டார். “கேட்டீங்களா! சிறுபோக நெல்லு வரட்டும். அவிச்சுக் குத்தி, அவர்ட தோணி தாங்கிற அளவுக்கு நான் தாறன்.”

தையல்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். எல்லாரும் போன பிறகு, “அரசனுக்கு ஆள் பிடிக்கிற தோணிக்கு நான் பாய் தைக்க மாட்டன். போய்ச் சொல்லு,” என்றார்.

என்ன செய்வது? அண்ணன் முறைக்குக் காக்கா என்று நான் கூப்பிடும் அவரிடமும் ஒரு பொய் சொன்னேன். “காக்கா, போடியாருக்காக அப்பிடிச் சொன்னது. உண்மையில அந்தாள் அரசனைத் திட்டித்தான் கதைச்சவர். மக்களாட்சி நல்லமாம்.” அடுத்த நாளே அவர் பாய் வேலையைத் தொடங்கினார். கோதுமை மா வந்த சாக்குத் துணியைப் பிரித்து, இரட்டை மடிப்பாக வைத்துத் தைத்து, கிழியும் இடங்களில் மருதமுனைத் தறிகளில் மிஞ்சிய சாரன் கைலிக் கரைத் துண்டுகளை வைத்துப் பலப்படுத்தினார். சிவப்பும் நீலமுமாகக் கரை ஓடிய அப்படி ஒரு பாய் அந்தக் கடலில் அதற்கு முன் இருந்திருக்காது.

ஆவணி பிறக்கும் முன்னே எங்கள் நாட்டில் அரிசி விலையைக் கூட்டினார்கள். கடையடைப்பு. மேற்குப் பக்கம் ரயில் நின்றதாம், துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்களாம் என்று பஸ்காரர்கள் கதை கொண்டுவந்தார்கள். பிறகு பஸ்ஸும் வரவில்லை. தையல்காரர் கடைப் பலகையை மூடிவிட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தார். போடியார் வழக்கம்போல் வந்தார்.

“மாமா, இப்ப ஆர் எந்த வரம்பை வெட்டினது? நம்மட நாட்டில அரசனை ஆரும் அனுப்பலயே. இங்கிலாந்து மகாராணி அப்பிடியேதானே இரிக்கிறா.”

போடியார் செருப்பை மாட்டிக்கொண்டு வயல் பக்கம் நடந்தார். அவர் திட்டாமல் எழுந்து போனதை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது.

சில நாள் கழித்து அடுத்த செய்தி பத்திரிகையில் வந்தது. மாலைதீவிலும் ஜனங்கள் பசியில் கொதித்தெழுந்து அந்தப் புதுத் தலைவரை இறக்கிவிட்டார்களாம். தையல்காரர் வாசித்து முடித்ததும் போடியார் துள்ளுவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் எழுந்து, தண்டயல் இருந்த பக்கம் போய், அவர் முன்னால் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

“உங்களுக்குத் தமிழ் விளங்கும்,” என்றார். “நான் பகிடி சொல்லக்குள்ள தம்பி வாய் திறக்க முந்தியே நீங்க சிரிக்கிறயள். எனக்குக் கன நாளாத் தெரியும். இப்ப நீங்களே சொல்லுங்க. நான் அரசரைப் பத்திக் கேட்ட அண்டைக்கு என்ன சொன்ன?”

நெல் போச்சு, பாய் போச்சு, நானும் இந்த ஊரில் இனி இருக்க முடியாது என்று நினைத்தேன்.

தண்டயல் நல்ல தமிழில், கொழும்புக் கடைத் தமிழில் பேசினார். “பிழை பொறுக்க வேணும், முதலாளி. எனக்கும் வாய் இருக்கிறது தெரிஞ்சா, ஒரு பக்கம் சொல்லுன்னு கேப்பாங்க. அதான் இந்தப் பையன் வாயை வச்சுக்கிட்டேன். அரசர் காலத்திலயும் எனக்குப் பிள்ளை செத்தது. புது ஆள் வந்தும் சட்டி காலிதான். யார் இருக்கணும்னு சொல்ல நான் ஊருக்குப் போகல. அடுப்பில சட்டி வைக்கப் போறேன்.”

தையல்காரர் என் பக்கம் திரும்பினார். “எனக்கிட்டயும் பொய்யா?”

“ஓம், காக்கா.”

“நல்ல துபாஷி!” என்றார். பாயை மடியிலிருந்து இறக்கவில்லை. அதில் இன்னும் இரண்டு முழம் தைக்க இருந்தது.

போடியார் வாங்கில் போய் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “என்ட கதை மாறல. வரம்பை வெட்டினது பிழைதான். ஆனா உடைஞ்ச வரம்பைக் கண்டா ஆர்ட வயல் எண்டு கேளாம ஒரு கூடை மண் போடுறதும் வழக்கம்தான். பழசை வச்சிருக்கணும் எண்டா எல்லாத்தையும் எல்லோ வச்சிருக்கணும்.” என்னைப் பார்த்து, “நீ நாளைக்கு என்ட வயலுக்கு வா. பொய் சொன்னதுக்குச் சூடு அடிச்சுத் தீர்,” என்றார்.

பத்து நாள் களத்தில் சூடு அடித்து நெல் பிரித்தேன். அந்த அறுவடையில் உழைத்த மாதிரி நான் அணைக்கட்டிலும் உழைக்கவில்லை. ரேஷன் காலம் என்பதால் அரிசி கடல் தாண்டுவதற்கு அனுமதி எழுத்து வேண்டியிருந்தது. அதற்குப் போடியார் பிரதேச அரச அதிகாரியான டி.ஆர்.ஓ.வின் கந்தோர் வாசலில் மூன்று நாள் காத்து நின்றார். அவர் காத்து நின்று நான் கண்டது அப்போதுதான். மாசி மூட்டைகளை இறக்கிய இடத்தில் அரிசி மூட்டைகள் ஏறின. மார்கழியில் வாடை வீசியதும் தோணி ஒலுவிலை விட்டது. சாரன் கரைப் பாய் உப்பிக்கொண்டு போனதைப் பார்த்துத் தையல்காரர், “தையல் தாங்கும்,” என்று நாலைந்து தரம் சொன்னார். தாங்குமா என்று அவருக்கே தெரியாது.

அதற்குப் பிறகு எனக்கும் ஊரில் கால் தங்கவில்லை. மறு வருடக் கச்சானில் கொழும்பில், பழைய முதலாளியிடமே மூட்டை சுமந்தபோது, துறைமுகத்தில் சிவப்பு நீலக் கரை போட்ட ஒரு பாய் இறங்கிக்கொண்டிருந்தது. சுமையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தண்டயல் கொஞ்சம் சதை வைத்திருந்தார். தோணி கரை தொட்ட அன்று முழுத் தீவும் கஞ்சிதான் காய்ச்சியது என்றார். வெறும் வயிற்றுக்குச் சோறு கூடாது என்று அவர்தான் சொல்லி நிறுத்தினாராம். மூன்றாம் நாள்தான் சோறு. பேரப்பிள்ளை இப்போது நடக்கிறதாம். இரண்டு மாசிக் கட்டுகளை என்னிடம் தந்து, ஒன்று வயலுக்கு, ஒன்று தையலுக்கு என்றார்.

அடுத்த பஸ்ஸில் கல்முனைக்கு ஏறினேன். முதலாளியிடம் சொல்லவில்லை. அஸருக்குப் பிறகு இருவரும் அதே வாங்கில் இருந்தார்கள். போடியார் மாசியை முகர்ந்து பார்த்துவிட்டு, “இப்ப அங்க ஆர் ஆளுற?” என்று கேட்டார்.

“திரும்ப அரசர்தான்.”

“சொன்னன்!” என்று தையல்காரரின் தொடையில் அடித்தார்.

“பொறுங்க மாமா. அந்தாள் என்ன சொன்னவர் எண்டு கேப்பம்.” தையல்காரர் என்னைப் பார்த்தார். “உள்ளதைச் சொல்லு.”

கஞ்சியிலிருந்து தொடங்கி, பேரப்பிள்ளை நடந்ததுவரை சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை.

“மூண்டாம் நாள்தான் சோறா?” என்றார் போடியார். “புத்தியான மனிசன்.”

“பாய் கிழிஞ்சதா?” என்றார் தையல்காரர்.

“இல்ல, காக்கா.”