கீச்சுச் சத்தம் நின்ற கிழமை

அப்பாவின் தண்ணீர் வண்டி சரவணையில் திரும்பினால் வேலணைச் சந்தியில் கேட்கும் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனாலும் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுத்தான் வாளி தூக்கியது. எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உவர். நல்ல தண்ணீர் அப்பாவின் நீலத் தாங்கியில்தான் வரும். "கொப்பர் பண்டி ஏத்திக்கொண்டு வாறார்" என்று, வண்டிச் சத்தத்தைப் பன்றியின் கத்தலாக்கி என்னைப் பகிடி பண்ணாத பெட்டையள் வகுப்பில் இல்லை.

அது ஒரு பழைய மூன்று சில்லு வண்டி. சின்ன எஞ்சின், அதன் பக்கத்தில் பெல்ட்டில் ஓடுகிற ஒரு டைனமோ. சுவிச்சைப் போட்டால் எஞ்சினை எழுப்புவதும் அந்த டைனமோதான், எழும்பிய பிறகு பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் அதுதான். ஒரே ஆள் இரண்டு வேலை பார்த்தால் தேயாமல் என்ன செய்யும்? உள்ளே தண்டைச் சுழலவிடும் இரண்டு பெயரிங்கும் தேய்ந்து, ஓடுகிற நேரமெல்லாம் கீச்சிட்டது.

எனக்கு அப்போது பத்து வயது. வெட்கம் தாங்காமல், அம்மாவின் தங்கையைக் கட்டிய சித்தப்பாவை நச்சரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுத்துவந்தேன். அவர் மெக்கானிக்.

"ஓடுதுதானே, விடும்" என்றார் அப்பா.

"இப்பிடியே ஓடினா உள்ளுக்கு உரஞ்சி எரிஞ்சுபோம் அண்ணை" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

டைனமோவின் நீளமான ஆணி இரண்டையும் கழற்றி, மூடியை எடுத்து, பழைய பெயரிங் இரண்டையும் இழுத்தெடுத்து, ஒன்றை என் கையில் வைத்தார். விரலால் சுற்றினேன். கடற்கரை மணலை வாய்க்குள் போட்டு மென்றதுபோல் நறநறத்தது. புதியதைத் தண்டில் ஏற்றும்போது, மேலே வைத்துத் தட்டுகிற குழாய்த் துண்டைப் பிடித்தவள் நான்தான். "உள் வளையத்திலை பிடி பிள்ளை. வெளி வளையத்திலை தட்டினா இப்பவே பழசாப்போம்" என்றார். நான் மூச்சை அடக்கிப் பிடித்தேன். அவர் மெல்லத் தட்டினார்.

சுவிச்சைப் போட்டதும் எஞ்சின் எழும்பியது. கீச்சு இல்லை. அந்த எஞ்சினையே நான் செய்ததுபோல் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

திங்கட்கிழமை அப்பாவுடன் நானும் போனேன். ஒரு வாசல் படலையிலும் ஆளில்லை. வீட்டுக்கு வீடு ஹோன் அடிக்கவேண்டி வந்தது. "என்ன, களவெடுக்க வாற மாதிரி வாறியள்?" என்று ஒரு அக்கா வாளியோடு ஓடிவந்தா. எனக்குப் பெருமைதான்.

கடைசி வீடு மாமியுடையது. மாமி அப்பாவின் சொந்த அக்கா. மகளின் கலியாணத்துக்கு வீட்டுக்கு வந்து சொல்லாமல் ஆளிடம் அழைப்புக் காட் கொடுத்துவிட்டாவாம். அப்பா போகவில்லையாம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் வண்டி போய் நிற்கும்போது படலைக்கு வெளியே இரண்டு மஞ்சள் தண்ணீர்க் கான் எப்போதும் தயாராக இருக்கும். அப்பா நிரப்பிவிட்டு வருவார். ஆளை ஆள் பார்ப்பதில்லை.

அன்று கான்கள் இல்லை. அப்பா ஒழுகாத பைப்பை இறுக்கினார். காற்றுப் போகாத ரயரை உதைத்துப் பார்த்தார்.

"ஹோன் அடியுங்கோவன் அப்பா."

"ஹோன் அடிச்சா நான் கூப்பிட்டதாப் போமெல்லோ."

"அப்ப நான் போய்க் கூப்பிடட்டே?"

"பேசாமல் ஏறு."

புதன்கிழமையும் அப்படியே. மாமிக்குத் தண்ணீர் இல்லாமல் திரும்பினோம். அன்றிரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டே நின்றார். கனநேரத்துக்குப் பிறகு, வேலிக்கு மேலால் நீலத் தாங்கியைக் கண்டோ என்னவோ, படலை திறந்தது. மாமி கானோடு வந்து என்னை மட்டும் பார்த்தா.

"ஏன் பிள்ளை, கொப்பருக்கு ஏதும் வருத்தமோ, காய்ச்சலோ? ரண்டு தரமா வண்டிச் சத்தத்தைக் காணேல்லை. நான் பயந்துபோனன். உவர்த்தண்ணியிலைதான் தேத்தண்ணி குடிக்கிறன்."

மூன்று முழம் தள்ளிக் குழாயோடு நின்ற அப்பா என்னிடம், "பெயரிங் மாத்தினதெண்டு சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"சத்தம் இல்லாட்டி எனக்கு எப்பிடித் தெரியிறதாம் எண்டு கேள்."

கேட்டேன். கான் நிரம்பி வழிந்து மாமியின் காலடி நனைந்த பிறகும் அப்பா தண்ணீரைப் பூட்டாமல் நின்றார்.

அடுத்த திங்கள் வண்டி பழையபடி கீச்சிட்டது. தன் வேலை பிழைத்துவிட்டதோ என்று பதறியடித்து ஓடிவந்த சித்தப்பா, பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். தொளதொள என்றிருந்தது. அது வழுக்கித்தான் கீச்சிட்டிருக்கிறது. "ஆர் அண்ணை இதைத் தளர்த்தினது?" அப்பா பனை உச்சியில் எதையோ தேடினார். சித்தப்பா இறுக்கிவிட்டுப் போனார். புதன்கிழமை மறுபடியும் தளர்ந்திருந்தது. பெல்ட் வழுக்கியதால் சுவிச்சுக்கு எழும்பாமல், விடிய அப்பா தள்ளித்தான் வண்டியை எழுப்பினார். ஆனாலும் முகத்தில் ஒரு சலிப்பில்லை. மாமி வீட்டுப் படலையில் மஞ்சள் கான்கள் இரண்டும் முன்போல நின்றன.

எனக்கு அப்பாவில் சரியான கோபம். அவ்வளவு கவனமாகக் குழாய் பிடித்த என் பாடு என்ன ஆவது? நானே ஸ்பானரை எடுத்து அவருக்குத் தெரியாமல் இரண்டு தரம் இறுக்கினேன். இரண்டு தரமும் தளர்ந்துவிட்டது. "இந்த மனுசனுக்கு ஒரு பெல்ட்டை இறுக்கி வைக்கத் தெரியாதே?" என்று குசினிக்குள் போய் அம்மாவிடம் முறையிட்டேன்.

அம்மா சிரித்துவிட்டு, என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி, நான் போன பிறகு அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டா. அதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.