ஷீட்டில் ஏறாத பதினெட்டு கிலோ

1. பை

ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது என்று ரேடியோவில் செய்தி வந்தபோது நான் கீழே விமானப்படைத் தளத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஓட்டிப்போன இருவருக்கும் உயிர் இருக்கிறது என்றார்கள். எனக்கு டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. பனிமலை உச்சியில், காவல் முகாமருகே இறங்கிப் பழகும் பயிற்சி. அவ்வளவு உயரத்தில் காற்று மெலிசு, இன்ஜின் திணறும். அதனால் பின்சீட்டைக் கழற்றுவோம், கதவைக் கழற்றுவோம். மெக்கானிக்கான என்னையும் ஏற்ற மாட்டார்கள். என்னென்ன ஏறுகிறதோ அதன் எடையை லோட் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

அன்று நான் எழுதாமல் ஏற்றிய பை ஒன்று உண்டு.

லீவு முடிந்து கிளம்பும் சென்னைக்காரன் கையில் நாலு வீட்டுப் பார்சலாவது இருக்கும். நொச்சிக்குப்பத்தில் என் அம்மா, "மேல கீற நம்ம புள்ளைங்க இன்னாத்த துன்னுதுங்களோ, எட்த்துக்கினு போடா" என்று கருவாட்டைத் திணித்தாள். அன்று ஓட்டிப்போன பயிற்சி பைலட் ரகுநாதன் சாரின் அம்மா மயிலாப்பூரில் இரண்டு ஜாடி வடுமாங்காய் கொடுத்தார். "ஒண்ணு ரகுவுக்கு. இன்னொண்ணு பனியில காவல் இருக்கற பசங்களுக்கு" என்றார். முறுக்கு டின், காப்பிப்பொடி, பழைய பத்திரிகைகள் வேறு. மேலே முகாமுக்குப் போகவேண்டியதெல்லாம் ஒரே பையில். சென்ட்ரல் ஸ்டேஷன் தராசில் பதினெட்டு கிலோ காட்டியது.

ஊறுகாயையும் கருவாட்டையும் ஷீட்டில் எழுதினால் இறக்கச் சொல்வார்கள். பதினெட்டு கிலோதானே என்று நினைத்துவிட்டேன். மகா புத்திசாலி.

2. விசாரணை

இறங்கும்போது பத்தடி உயரத்திலிருந்து ஹெலிகாப்டர் தொப்பென்று விழுந்து வால் முறிந்தது. பயிற்சி கொடுத்தவருக்குக் கை முறிவு, ரகுநாதன் சாருக்கு முதுகெலும்பில் அடி. பை முகாம்காரர்களிடம் போய்விட்டது. அது ஷீட்டில் இல்லாதது என்று அவர்களுக்குத் தெரியாது.

"ஷீட் சரிதானா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"சரி சார்" என்றேன். பயம், வேறொன்றுமில்லை.

ஹெலிகாப்டரைத் தூக்கும் பவர் லீவரைத் தாமதமாக இழுத்தது பயிற்சி பைலட்டின் தவறு என்று பேச்சு அடிபட்டது. தீர்ப்பு அப்படியே வந்தால் அவர் இனி பறக்க முடியாது.

3. மயிலாப்பூர்

இரண்டு மாதம் கழித்து, மருத்துவ லீவில் இருந்த அவருடைய டிரங்குப்பெட்டியை வீட்டில் சேர்க்க என்னையே அனுப்பினார்கள். சென்னைக்காரனாம்!

அவர் அம்மா கதவைத் திறந்ததும், "வா தேசப்பா. வடுமாங்கா மேல போய்ச் சேந்துதா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரியாவே சாப்பிட மாட்டேங்கறான். என் கைதான் தப்பு பண்ணிடுத்துங்கறான்" என்றார்.

உள்ளே போய்க் கட்டிலருகே நின்றேன்.

"சார், உங்க கைல தப்பு இல்ல சார். வெயிட்டுலதான் தப்பு. ஷீட்ல எழுதாம ஒரு பை ஏத்திட்டேன்."

"எவ்வளவு?"

"பதினெட்டு கிலோ சார்."

அவருடைய இடது கை படுக்கையோரம் இல்லாத லீவரைப் பிடித்து மேலே இழுத்தது. "இழுத்தேன்யா. நேரத்துக்குத்தான் இழுத்தேன். தூக்கவே இல்லை." திடீரென்று சத்தம் போட்டார். "ரெண்டு மாசமா இந்தக் கையையே பாத்துண்டிருக்கேன்!" அப்புறம் அழுதார். நானும் அழுதேன்.

திரும்பிப்போய் உண்மையை எழுதிக்கொடுத்தேன். என் சட்டைக்கையில் இருந்த பதவி ஸ்ட்ரைப் பறிபோனது, அவர் மறுபடி பறந்தார். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நல்ல எண்ணத்தோடு ஏற்றினாலும் எடை எடைதான். நீங்கள் எழுதாமல் விட்டதற்கு, மேலே லீவரைப் பிடித்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அடுத்த வருஷம் லீவு முடிந்து கிளம்பும்போது அந்த அம்மா மறுபடி ஒரு ஜாடி கொடுத்தார். மகன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் போலும். வாயில் கட்டிய துணியில் ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தது: "வடுமாங்காய். ஜாடியோடு மூன்று கிலோ இருநூறு கிராம்."

"மளிகைக் கடைத் தராசுல போட்டேன். நீயும் ஒரு தரம் போட்டுப் பாத்துக்கோப்பா" என்றார்.

போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. அந்த முறை லோட் ஷீட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.