வைத்தியரிடம் நான் மறைத்தது

சனிக்கிழமை மாலை நான்கு இருபது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால், கல்மதிலின் அடியில் மல்லாந்து கிடந்தாள் என் மகள் ஜெனிட்டா. ஒன்பது வயது. மதிலேறிக் கொய்யா பறித்தவள் தலைகுப்புற விழுந்து உருண்டிருந்தாள்.

"கழுத்து வலிக்குதுப்பா" என்றாள். விரல்களை அசைத்தாள். அதைக் கண்ணால் பார்த்தேன்.

நமுனுகுலயில் எங்கள் தோட்டத்து ஜெபக்கூட்டத்தை நடத்தியவன் நான். லயத்துச் சனம் கூடிவிட்டது. அவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து, அழுத்தி ஆட்டி, "எழுந்து நில்!" என்று கத்தினேன்.

"அண்ணே, பேயா ஓட்டுறீங்க? பிள்ளைய விடுங்க" என்றார் பக்கத்து வீட்டு செல்வி.

நான் விடவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தேன். பிள்ளை அலறினாள்.

"அப்பா, என் கை எங்க?"

கை மடியில்தான் இருந்தது.

பலகையில் கிடத்தி, தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே விரல்கள் மறுபடி அசைந்தன. கழுத்துக்குப் பட்டி போட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள்; முறிவு இல்லை. யாராவது தூக்கினீர்களா, கை கால் மரத்ததா என்று வைத்தியர் கேட்டார்.

"இல்லை" என்றேன். சபையின் பேர் கெடும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். கெடவிருந்தது என் பேர்.

வெளியே வந்து ஜெபித்தேன்: "ஆண்டவரே, பிள்ளையைக் காப்பாற்றும். என்னை வெட்கப்படுத்தாதேயும்."

முதலாவது மட்டும் கேட்கப்பட்டது.

கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்த என் மனைவி ராணியிடம் செல்வி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். "டொக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்றாள். நான் வாசல் பக்கம் திரும்பினேன். "கூட்டத்துல மைக்கைப் புடிச்சா ஒரு மணிநேரம் விடமாட்டீங்க. இப்ப வாயில என்ன?"

உள்ளே போய்ச் சொன்னேன். கழற்றவிருந்த கழுத்துப் பட்டியை வைத்தியர் மறுபடி இறுக்கினார். சிறு பிள்ளைகளுக்கு எலும்பு முறியாமலே உள்ளே நரம்பு நசுங்கலாம், எக்ஸ்ரே அதைக் காட்டாது என்றார். ஸ்கேனில் முதுகுத்தண்டு நரம்பு வீங்கியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, பின்னால் விரித்த பாயில் சனத்தோடு உட்கார்ந்தேன். இப்போதும் அங்கேதான்.

சகோதரரே, சகோதரிகளே, ஜெபியுங்கள். விழுந்த பிள்ளையை அசைக்காமல் ஜெபியுங்கள். உண்மையைச் சொல்ல வாய் வராவிட்டால் அதையும் அவரிடமே கேளுங்கள். எனக்குத் தந்தார்.

ஜெனிட்டா மூன்று மாதம் பட்டி அணிந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இடது சுண்டுவிரல் முழுதாக மடங்குவதில்லை.