மெக்சிகோவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த நாள்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்னமும் வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டால், அவர்தான் எங்கோ கிளம்புகிறார் என்று எட்டிப் பார்க்கிறேன். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது குறைவு. "காலில் சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவன்" என்பார்கள் அம்மா.

மதுக்கரையில் பிறந்தார். இளவயதிலேயே அப்பாவை இழந்தோம். ஐ.டி.ஐ. படித்து, நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்து, எனக்கும் தம்பிக்கும் கல்யாணம் முடித்துவைத்தவர் அவரே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆலையில் இயந்திரம் பூட்ட அவரைக் கம்பெனி மெக்சிகோவுக்கு அனுப்பியது. அவர் அங்கே இருந்தபோதுதான் அம்மா காலமானார்கள். டிக்கெட் கிடைக்கவில்லை. தம்பி கொள்ளி வைத்தான். காரியமும் முடிந்துவிட்டது.

வேலை முடிந்து அண்ணன் திரும்பிய அன்று, வாசலிலேயே தாய்மாமா சொன்னார்: "கொள்ளி வெக்காத கை வெக்கற சோத்தைக் காக்காகூடத் தொடாது மாப்ள." தங்கையைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் வந்த பேச்சுதான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அதன் பிறகு அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. சோற்றில் கை வைத்தபடியே எழுந்து ஸ்கூட்டரை எடுப்பார். எங்கே போனார் என்று அண்ணிக்கும் தெரியாது.

அடுத்த ஐப்பசியில் எங்களையெல்லாம் கூப்பிட்டார். மெக்சிகோவில் நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவதாக நம்புகிறார்களாம். வழி தெரியச் செண்டுமல்லி இதழ்களை வாசலிலிருந்து தூவி, படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி, தண்ணீர், உப்பு, அவர்களுக்குப் பிடித்த பண்டம் எல்லாம் வைப்பார்களாம். அண்ணன் தங்கியிருந்த வீட்டு அம்மாள், சேதி தெரிந்து, எங்கள் அம்மாவின் படத்தையும் வாங்கித் தம் பெரியவர்களின் படங்களோடு சேர்த்து வைத்தாராம். "நம்ம ஊட்லயும் ஒரு தடவ அப்படி வெக்கோணும்" என்றார் அண்ணன்.

வைத்தார். கேட்டிலிருந்து கூடம்வரை மஞ்சள் இதழ்கள். அம்மாவுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோற்றைத் தாமே ஆக்கினார். பொழுது சாய்ந்து மெழுகுவத்தி ஏற்றியதும் இலை போட்டோம். மாமா கையைக் கட்டிக்கொண்டார்.

"காக்கா எடுக்காம எப்படிக் கை நனைக்கறது?"

"காக்காயெல்லாம் அடைஞ்சிருக்குமுங்க மாமா. அந்த ஊர்ல இருட்டுனப்புறந்தானுங்க இது."

"அப்ப விடியட்டும். நான் இருக்கறேன்."

"மெக்சிகோ காக்காய்ங்க. விசா கெடச்சு வரோணுமல்ல" என்றார் மாமாவின் மனைவி, எங்கள் அத்தை. சிரித்தோம். ஆனாலும் யாரும் இலையைத் தொடவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. குழந்தைகள் சிணுங்கத் தொடங்கின. அண்ணன் கேட்டுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். மாமா உண்ணாமல் எழுந்தால், அண்ணன் பிள்ளையே இல்லை என்று ஊரறிய முடிவாகிவிடும்.

கடைசியில் நின்று சொன்னார்: "அங்க சாட்சிக்கு யாரும் வர வேண்டியதில்லைங்க மாமா. செத்தவங்க எப்படி இருந்தாங்கன்னு, வசவு, வம்பு எல்லாஞ் சேத்தி நாயம் பேசிக்கிட்டே சாப்புடுவாங்க. அதுதான் வந்ததுக்கு அர்த்தமுங்க."

மாமா படத்தைப் பார்த்தார். "இந்நேரம் இருந்திருந்தா, 'சோறு ஆறுது, வீம்பு என்ன வேண்டிக் கெடக்குது'ன்னு என்னைய வெரட்டியிருப்பா" என்றார். இலையை இழுத்துக்கொண்டார். ஒரு வாய் உண்டு, "உப்புக் கம்மி" என்றார். அப்புறம் ஆளுக்கு ஆள் அம்மாவிடம் வாங்கிய திட்டுகளைச் சொல்லச் சொல்ல, மாமா மறுபடி மறுபடி சோறு வாங்க, சட்டி காலியானது.

ஆனால் அண்ணனின் மனம் ஆறிவிடவில்லை. மாமா தமக்காக இரக்கப்பட்டுத்தான் உண்டார் என்ற எண்ணம் அவரை விடவேயில்லை.

நெஞ்சுவலியோடு அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ரத்தம் கொடுத்த ஆலை நண்பர்களுக்கும், சோறு கொண்டுவந்து தந்த அண்டை வீட்டாருக்கும், கைவிடாமல் பார்த்த மருத்துவர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

மாமாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் அண்ணன் அவரிடம் கேட்டே விட்டார்: "அன்னைக்கு அம்மா வந்துச்சுங்களா மாமா?"

"எனக்கு அப்பவே வயித்துக் கோளாறு. ஒரு கரண்டிக்கு மேல எறங்காது. அன்னைக்கு மறுக்கா மறுக்கா சோறு வாங்குனேனே, ஆருக்குன்னு நெனச்ச?" என்றார் மாமா.

அதன் பிறகு அண்ணன் கட்டிலை விட்டு எழப் பார்க்கவில்லை. அசந்து தூங்கினார். மாமாதான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.