சாத்தக் கூடாத கதவு

அறுபதுகளின் தொடக்கம், ஐப்பசி அடைமழை. சிதம்பரத்தில் மகளுக்கு வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்காகக் கடலூருக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். புவனகிரி தாண்டியதும் ரோட்டில் வெள்ளம், பஸ் நின்றுவிட்டது. இறங்கியவர்களுக்கு பக்கத்துக் கிராமத்துச் சத்திரம்தான் கதி.

மண் சுவர், ஓட்டுக் கூரை. ஆனால் வாசலில் மட்டும் கோயிலுக்குச் செய்தது போல ஜோடித் தேக்குக் கதவு. அதில் ஈரத்துணி காயப் போட்டிருந்தார்கள். சத்திரம் கட்டிய புண்ணியவான், வழிப்போக்கருக்கு இதைச் சாத்தவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். சாத்தாத கதவை எதற்குச் செய்தார் என்று கேட்டேன். சத்திரத்தைப் பார்த்துக்கொண்ட அம்மாள், "தொறந்து வச்சிருக்கோம்னு தெரியறதுக்குக் கதவு வேணாமா?" என்றாள்.

மதியம் ஊர்க்காரர் ஒருவர் ஓடி வந்தார். சத்திரத்துக்குப் பின்னால் ஏரிக்கரை உடைப்பெடுத்துவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சத்திரத்துப் படியைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஊரில் என்னைத் தமாஷ் பேர்வழி என்பார்கள். அன்று தமாஷ் எங்கே போனதோ, ஒற்றைச் செருப்போடு உள்ளுக்கும் வாசலுக்கும் ஓடினேன். கூரைக்குக் கீழே குடையை வேறு விரித்துக்கொண்டு, "மூச்சு விடும்மா, மூச்சு விடு" என்று கத்தினேன்.

"சூட்டு வலிதாம்ப்பா, பிரசவ வலி இல்ல. நீ மொதல்ல மூச்சு விடு" என்றாள் மகள்.

எங்களோடு பஸ்ஸில் வந்த பாய் ஒருவர், சாக்கு வியாபாரி. விற்க எடுத்துவந்த சாக்குக் கட்டை அப்படியே அவிழ்த்துப்போட்டு, மண்ணை ரொப்பச் சொன்னார். உடைப்பில் தண்ணீர் இழுப்பு ஜாஸ்தி, வெறும் மூட்டை நிற்காது, அணை கொடுக்கப் பலகை வேண்டும் என்றார். எல்லோர் கண்ணும் கதவுக்குப் போனது. கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

அம்மாளே போய்க் கதவிலிருந்த துணியை எடுத்தாள். "சாத்தக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. கழட்டக் கூடாதுன்னு சொல்லல. நிலையோட பேத்துக்குங்க."

பாய் என் பக்கம் திரும்பினார். "மாமா, குடையை மடக்கிட்டு ஒரு கை குடுங்க."

எனக்கு நீச்சல் தெரியாது என்பது, கதவைத் தூக்கிப்போய் உடைப்பில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. முளை அடித்துக் கதவை நிறுத்தினோம், வெள்ளம் தள்ளிவிட்டது. மறுபடி நிறுத்தினோம். என் பக்கத்தை நான் கடைசிவரை விடவில்லை. வீரமெல்லாம் இல்லை, விட்டால் கதவுக்கு முன்னால் நான் போய்விடுவேன். ஊர் ஆட்கள் மூட்டை மேல் மூட்டையாக அடுக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் உடைப்பு அடைபட்டது.

மறுநாள் நாங்கள் பஸ் ஏறும்போது, நிலை இழந்த முன்சுவர் கண்ணெதிரே அப்படியே உட்கார்ந்தது. பின்னாலேயே கூரையும் வந்தது. நான் ஐயோ என்றேன். அம்மாள், "ஊரு நிக்குது இல்ல" என்று சொல்லிவிட்டு ஓடு பொறுக்கப் போய்விட்டாள்.

மகளுக்குக் கடலூரில் சுகப்பிரசவம். சத்திரத்தை யாரும் எடுத்துக் கட்டவில்லை. இருந்த இடத்தில் இன்று கருவேலமுள். கதவு மட்டும் ஏரிக்கரைக்குள் இருக்கிறது. இப்போதும் எதற்கெடுத்தாலும் நான் பதறுவேன். பதற்றம் அடங்கியதும் பிடிக்கலாம் என்று அன்று காத்திருந்தால் அந்தக் கதவு நின்றிருக்காது என்று நினைத்துக்கொண்டு, பதறிக்கொண்டே வேலையை ஆரம்பித்துவிடுகிறேன்.