பூஜையில் வைத்த ஸ்பேனர்

நவமி அன்று மாலை ஐந்து இருபதுக்கு என் மகளின் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினேன். நேரம் அவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. ஐந்தரைக்கு வீடியோ காலில் வருவதாக என் கணவர் சொல்லியிருந்தார். நான் நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விமானப்படையில் இருக்கிறார். அப்போது ராஜஸ்தானில் போஸ்டிங். நானும் மகளும் மட்டும் லோஹேகாவ் விமானதளத்துக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு சொசைட்டியில் இருக்கிறோம். அவருக்குக் கிடைக்கிற பத்து நிமிடத்துக்குள் பூஜையை முடித்துவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

எல்லோரும் விபத்து மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு நடந்தது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தின நாள் ஐந்து இருபதுக்கே எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போது அவள் பம்ப் ரூமுக்குப் பின்னால், பழைய கோல்ஃப் கார்ட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். எங்கள் சொசைட்டியில் கேட் பள்ளத்திலும் பின்வரிசைக் கட்டடங்கள் மேட்டிலும் இருக்கின்றன. வயதானவர்கள் ஏறி வருவதற்காக பில்டர் கொடுத்த பேட்டரி வண்டி அது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் குல்மோஹர் கிளை ஒன்று முறிந்து அதன் மேல் விழுந்தது. கூரை மடங்கி, ஸ்டியரிங் கோணிக்கொண்டு, வண்டி பின்பக்கம் ஒதுக்கப்பட்டது. சீட்டை எலி குடைந்தது, ஒயர்களையும் கடித்தது. பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது.

"ஆண்ட்டி, உங்க ஹெலிகாப்டர் எப்ப பறக்கும்?" என்று சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்கள். என் மகள் அதைச் சரிசெய்கிறேன் என்று சொசைட்டிச் செயலாளரிடம் அனுமதி வாங்கிய நாளிலிருந்து அந்தப் பெயர்.

அவளுக்குப் பதினேழு வயது. கடக்வாஸ்லாவில் இருக்கிற ராணுவ அகாடமியில் சேர வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய உலகம். எழுத்துத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். எலும்பு முறிந்து உடம்புக்குள் தகடோ திருகோ வைத்திருந்தால் மருத்துவப் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து நான் அவளை ஸ்கூட்டியைத் தொடவிடவில்லை. ஸ்கேட்டிங் நின்றது. மாடிப்படியில் ஓடினால்கூடக் கத்துவேன். கோல்ஃப் கார்ட்டுக்கு மட்டும் சம்மதித்தேன். நின்றுகொண்டிருக்கிற வண்டிதானே, ஓடினாலும் சைக்கிள் வேகம்தானே என்று நினைத்தேன்.

நானும் சேர்ந்துதான் வேலை செய்தேன். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். ஒயரிங்கை நான் பார்த்துக்கொண்டேன். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து பேட்டரி முனைகளைத் தேய்த்தோம். செத்த பேட்டரிகளை மாற்றினோம். மடங்கிய கூரைக் கம்பிகளை ஒரு வெல்டிங் கடையில் நிமிர்த்தினோம். துருவேறிய பிரேக் டிரம்களைக் கழற்ற மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பழைய பிரேக் கேபிள் கையில் எடுத்ததும் நூலாகப் பிரிந்தது. பிம்ப்ரியில் ஆட்டோ பழுது பார்க்கிற ஒருவர் அதே அளவில் புதுசு செய்து கொடுத்தார். அந்தக் கேபிளைத்தான் அன்று மாலை அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். கேபிளை இழுத்துப் பிடிக்க ஒரு நட்டு; அது அதிர்வில் தளராமல் இருக்க, அதன் பின்னால் இன்னொரு நட்டு. லாக் நட்டு என்பார்கள்.

"ஸ்பேனரைக் குடுடி. எல்லா டூல்ஸும் பூஜைல வெச்சாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி."

"ரெண்டு மினிட் அம்மா. ஏக் நட்டு, பஸ். ஒண்ணே ஒண்ணுதான்."

"அப்பா இப்ப கூப்பிடுவாரு. நாளைக்குப் பண்ணிக்கலாம்."

"அம்மா, ப்ளீஸ்..."

"கைல இறுக்கிட்டு வா. போதும்."

நான் குனிந்து, வண்டிக்கு வெளியே நீண்டிருந்த அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டேன். துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, அவளுடைய கணக்குப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை முடியும் வரை தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அதில் மறுபேச்சு கிடையாது.

மறுநாள் விஜயதசமி, இங்கே தசரா. நான் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். புனர்பூஜை இன்னும் ஆகவில்லை. வண்டி எங்கே என்று கீழேயிருந்து செயலாளரின் குரல் வந்தது.

"மேடம்! நாரியல் தயார், ஹார் தயார். ஹெலிகாப்டர் கஹாம் ஹை?"

தேங்காயும் மாலையும் வைத்துக்கொண்டு பத்துப் பேர் நின்றிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் எல்லோருடைய ஸ்கூட்டர்களும் கார்களும் கழுவிச் சாமந்தி மாலையோடு வரிசையில் நின்றன. மகள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், "அம்மா, வோ நட்டு? அந்த லாக் நட்டு?"

கேட்டாள். அதை மறக்க முடியவில்லை. அவள் கேட்டாள்.

"ஸ்பேனர் இன்னும் பூஜைல இருக்கே. கைல இறுக்கினேல்ல? ஒரு ரவுண்டுதானே," என்றேன்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்து அவற்றை நசுக்கியது. பிள்ளைகள் கத்தினார்கள். முழங்கால் வலியுள்ள செயலாளர் அவளுக்குப் பக்கத்தில் ஏறப் போனார். "அங்கிள், முதல் ரவுண்டு காலியா போறேன், அடுத்தது உங்களுக்கு," என்று ஹிந்தியில் சொல்லி அவரை இறக்கிவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னமும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். மேட்டில் சமதரையில் இரண்டு தடவை பிரேக் போட்டுப் பார்த்தாள். வண்டி அழகாக நின்றது. என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுச் சரிவில் இறங்கினாள்.

பாதிச் சரிவில் அவள் தலை குனிந்தது. பிரேக்கை மிதிக்கிற காலைப் பார்க்கிறாள் என்று புரிந்தது. மறுபடி நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். வண்டி வேகம் எடுத்துக்கொண்டே போயிற்று. பழைய மாடல் வண்டி. ஆக்சிலரேட்டரை விட்டால் மோட்டார் தானாகப் பிடித்து நிறுத்தாது. கீழே, வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களுக்கு நடுவில் இரண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்து ரங்கோலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள். பூப்பாத்தியின் விளிம்புக் கல்லில் ஏறி வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. நாங்கள் நிமிர்த்திப் பொருத்திய கூரைக் கம்பி அவள் கை மேல் இருந்தது.

நான் ஓடினேனா, நின்றேனா என்று தெரியாது. என் செருப்பு ஒன்று மேட்டிலேயே கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். அப்படியானால் ஓடியிருக்க வேண்டும். ஆறேழு பேர் வண்டியைத் தூக்கினார்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வளையவே கூடாத இடத்தில் அவள் கை வளைந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் புல் ஒட்டியிருந்தது.

"அம்மா, ப்ளேட் வெப்பாங்களா?"

வலிக்கிறது என்று சொல்லவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

செயலாளரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டுப் பக்கத்து எலும்பு முறிந்து விலகியிருக்கிறது, தகடு வைக்க வேண்டி வரலாம், பெரிய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். பெரிய டாக்டர் தசராவுக்காகக் குடும்பத்தோடு சாத்தாரா போயிருந்தார். கிளம்பிவிட்டார், வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். வலிக்கு ஊசி போட்டு, கைக்கு அட்டை வைத்துக் கட்டி, எங்களைத் திரைக்குப் பின்னால் ஒரு கட்டிலில் விட்டார்கள். ஒன்பதே முக்காலிலிருந்து காத்திருந்தோம்.

கை முறிந்தது என்று நான் அனுப்பிய செய்தியைப் பார்த்து என் கணவர் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"பிரேக் போயிருச்சு பா. லாக் நட்டு டைட் பண்ணல. மைம் பூல் கயீ. நான் மறந்துட்டேன்."

ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம், நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும். தப்பித்தோம் என்றுகூட ஒரு எண்ணம் ஓடியிருக்கிறது. பிறகு போனை எடுத்துக்கொண்டு திரைக்கு வெளியே வந்தேன்.

"அவ மறக்கலங்க. நேத்தும் கேட்டா, இன்னிக்குக் காலைலயும் கேட்டா. நான்தான் ஸ்பேனரை வாங்கிப் பூஜைல வெச்சேன். கைல இறுக்கினாப் போதும்னு சொன்னேன். ஃபிசிக்ஸ் டீச்சர் நான், தெரியாதா எனக்கு? அதிர்வுல நட்டு தளரும்னு எத்தனை தடவை வகுப்புல சொல்லியிருக்கேன்..."

மறுமுனையில் அவர் இடைமறித்தார்.

"விரலை அசைக்கிறாளா?" என்றார். "அத மட்டும் சொல்லு."

"அசைக்கிறா."

"சரி. உள்ள போ. அவகிட்டயும் இத சொல்லு."

உள்ளே போய்ச் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். "எனக்குத் தெரியும் மா," என்றாள். பிறகு, "ப்ளேட் வெச்சா அடுத்த வருஷம் எடுத்துருவாங்களா? இல்ல அப்படியே விட்டுருவாங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். நான் அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட கையின் விரல்களையே பார்த்தபடி இருந்தேன். அவை வீங்கிக்கொண்டிருந்தனவா, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா என்று இப்போதும் சொல்ல முடியாது.

ஒன்று பத்துக்குத் திரை விலகியது. பட்டு ஜிப்பாவும் நெற்றியில் குங்குமமுமாக, பண்டிகை வீட்டிலிருந்து நேரே எழுந்து வந்த கோலத்தில் பெரிய டாக்டர் வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் நகங்களை ஒவ்வொன்றாக அழுத்தி விட்டுப் பார்த்தார். விரலை மடக்கச் சொன்னார், விரிக்கச் சொன்னார். எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவளிடம் ஹிந்தியில், "இதுக்கு ப்ளேட் வேண்டாம் பேட்டா. மயக்கம் குடுத்து இழுத்து நேராக்கி, மாவுக்கட்டு போட்டுடலாம். ஆறு வாரம்," என்றார். சொல்லிவிட்டு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க கொஞ்சம் வெளியே போய் உட்காருங்க. பொண்ணு கையைப் பார்த்துப் பயப்படல, உங்க முகத்தைப் பார்த்துத்தான் பயப்படறா."