ராஜபார்ட்டும் ரயில் ஊதலும்

எனக்குச் சுருதி தெரியாது என்று ஊர் முழுக்கச் சொன்ன எங்கள் ராஜபார்ட் ஒரு புளுகர். அவருடைய நாடகக் குழுவில் நான் ஆர்மோனியப் பெட்டி வாசித்தேன்.

விழுப்புரத்தில் எங்கள் ஒத்திகைக் கொட்டகை தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. சாயங்கால மெயிலின் ஊதலில்தான் அவர் சுருதி பிடிப்பார். வண்டி எதிரே வரும்போதே ஐந்து கட்டைச் சுருதியில் பாட்டை எடுத்துவிடுவார். நான் துருத்தியை அமுக்கிக் கட்டையைத் தேடுவதற்குள் வண்டி தாண்டிவிடும். ஊதல் நாலு கட்டைக்கு இறங்கிவிடும். நான் அதைப் பிடிப்பேன். அவர் பாட்டு ஒரு பக்கம், என் பெட்டி ஒரு பக்கம்.

“இன்னாய்யா, காதுல மல்லாட்டைத் தோலு அடைச்சிக்கினு வந்தியா?” என்றார் ராஜபார்ட். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.

“வண்டிதாங்க இறங்குது.”

“நல்லா இறங்குச்சு! இனிமே என் மச்சான் வாசிப்பான். நீ படுதா இழு.”

என் பெட்டி போயிற்று.

அந்த வாரமே திண்டிவனத்தில் நாடகம். ரயிலில் போனோம். இப்போது நாங்களே வண்டிக்குள் இருந்ததால், எத்தனை முறை ஊதினாலும் சுருதி அசையவில்லை. “கேளுங்க, கேளுங்க! வெளியே நின்னு கேட்டாதான் வண்டி தாண்டினதும் ஊதல் இறங்குது” என்று கத்தினேன். எதிரே இருந்த பள்ளிக்கூட வாத்தியார் சிரித்தார்.

“அவரு சொல்றது நெசங்க. வண்டி கிட்ட வந்தா சத்தத்தோட அலை நெருங்கும், சுருதி ஏறும். விலகிப் போனா இறங்கும். டிரைவர் ஒண்ணும் மாத்தலை.”

“அப்ப வண்டி விளக்கு வெளிச்சமும் ஜல்தியா வருமா?” என்று மடக்கினார் ராஜபார்ட்.

“வராதுங்க. விளக்கு ஓடியாந்தாலும், நீங்க அதைப் பார்த்து ஓடினாலும், வெளிச்சத்துக்கு ஒரே வேகம்தான். நிறம் மட்டும் துளி மாறும். விலகிப் போனா சிவப்புப் பக்கம் சாயும். ரயில் வேகத்துக்கு அது கண்ணுக்குத் தெரியாது.”

கடைசி வாக்கியத்தை ராஜபார்ட் காதில் வாங்கவே இல்லை. திண்டிவனத்தில் இறங்கினோம். வண்டி கிளம்பியது. பின்னால் சிவப்பு விளக்கு.

“பாருங்கடா! விலகிப் போவுது, செவந்துபோச்சு!”

“அது சிவப்புக் கண்ணாடிங்க” என்றேன்.

“உனக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை!”

அன்றைய நாடகத்தில், ராஜா வேஷத்தில் நின்று, இந்தக் கண்டுபிடிப்பைச் சபைக்கு விளக்கினார். ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்பில் கயிறு நழுவி, படுதா அவர் கிரீடத்தின் மேலேயே விழுந்தது. அதற்கும் கை தட்டினார்கள்.

விளக்குக்கு ஒப்புக்கொண்ட மனிதர் ஊதலுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டி மச்சானிடமே இருந்துவிட்டது. இன்னமும் அவர் வேஷம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அடுத்த நாடகத்தில், பாட்டு எடுக்குமுன், சபை நடுவில் நின்று சொல்லட்டும்: அன்றைக்கு இறங்கியது என் சுருதியா, ரயிலின் சுருதியா?